பழைய கேம்பர் வேனில் ஒழுகிய பெட்ரோல் டாங்கி: பட்டர்வொர்த் வீடொன்றில் நடந்த பழுதுபார்ப்பு

வண்டியும் வீட்டாரும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில், மாக் மண்டினுக்குப் பக்கத்தில் ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. வரிசை வீடு. முன்னால் கூரை போட்ட போர்ச், அதற்கும் தெருவுக்கும் நடுவே லொங்காங் என்னும் சாக்கடை. வீட்டுக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் மனைவியின் தம்பி. இந்தத் தம்பி இளவயதில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்யும் கடையில் வெல்டிங் பார்த்தவர், கைத்திறன் உள்ளவர். நான் அந்த வட்டாரத்தில் பட்டறை வைத்திருப்பவன். வேலை பாதியில் இருக்கும்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்ததை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவர்களின் சம்மதத்தோடுதான் இது வெளியாகிறது. பெயர் வேண்டாம் என்றார்கள்.

வண்டி, 1990-களின் தொடக்கத்தில் வந்த நிசான் வேனெட், கார்புரேட்டர் எஞ்சின். முன்பு வைத்திருந்தவர் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மீன் விற்றவர். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பல வருடம் தரை வழியாகக் கீழே வடிந்திருக்கிறது. வண்டியை வாங்கும்போது இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பெயின்ட் நன்றாக இருந்தது, எஞ்சின் நன்றாக இருந்தது.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் முடிந்த பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து இதைக் கேம்பராக மாற்றினார்கள். பலகைக் கட்டில், அதற்கடியில் 12 வோல்ட் குளிர்பெட்டி, சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் பம்ப், தனியாக இரண்டாவது பேட்டரி, கூரைமேல் சோலார் பலகை. கேமரன் மலை, லூமூட், கெடா கடற்கரை என்று போய்வந்தார்கள். வேலை சுத்தமாகவே இருந்தது. ஆனால் இந்த நிகழ்வில் வரும் இரண்டு ஆபத்துகள் அந்த மாற்றத்தோடு வந்தவை. அவை சாதாரண வேனில் இருந்திருக்காது.

முதல் அறிகுறிகள்

பெட்ரோல் எண்ணெய் முழுக்கப் போட்ட நாளில் கட்டிலில் படுத்தால் பெட்ரோல் வாசம் வரும். பாதிக்குக் கீழே இறங்கியதும் வாசம் நின்றுவிடும். கார்புரேட்டர் வழிகிறது என்று நினைத்து அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

இது முக்கியமான தடயம். வாசம் டாங்கியின் எண்ணெய் மட்டத்தைப் பொறுத்து வருகிறது, போகிறது என்றால் ஓட்டை அந்த மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிரப்பும் கழுத்தின் ரப்பர் ஹோஸ், காற்றுக் குழாய், மேலே சென்டர் யூனிட்டின் (எண்ணெய் அளவை முள்ளுக்குச் சொல்லும் கருவி) கேஸ்கெட், டாங்கியின் மேல்தகடு, இந்த நான்கில் ஒன்று. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு போர்ச் சிமெண்டில் ஈரப்புள்ளி தெரிந்தது. வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தபோது, டாங்கியைத் தாங்கும் இரும்புப் பட்டையின் ஓரத்தில் சொட்டு நின்றது. வாசமும் சொட்டும் ஒரே ஒழுகல்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். லூமூட் போகும் வழியில் ஒருவர் சோப்புக்கட்டியைத் தேய்த்து அடைத்துக்கொடுத்தார். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பதால் அது வீடு திரும்பும்வரை தாங்கியது. வீட்டுக்கு வந்ததும் மகன் கேஸ்கெட்டுக்குப் போடும் சிலிக்கோனைப் பூசினார். பெட்ரோல் பட்ட சிலிக்கோன் ஊறிப் பெருத்து, வெந்த ஜவ்வரிசி போல் கையோடு வந்துவிட்டது. அடுத்து இரண்டு பாகம் கலந்து பிசையும் எபாக்ஸி. அது சில வாரம் தாங்கி, ஒரு நாள் காசு அளவு வில்லையாகக் கழன்று விழுந்தது.

அந்த வில்லையை அவர்கள் எடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதில் செதில் செதிலாகத் துரு ஒட்டியிருந்தது. எபாக்ஸி தன் வேலையைச் செய்திருக்கிறது. அது பிடித்திருந்த இரும்புதான் உள்ளிருந்து உரிந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் இனி எதைப் பூசினாலும் நிற்காது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

டாங்கியை இறக்கும் முடிவு

புது டாங்கி கிடைக்கவில்லை. பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் விசாரித்தார்கள். ஒன்று கிடைத்தது, ஆனால் அதன் அடியும் இதே நிலையில் இருந்தது, சென்டர் யூனிட் பொருத்தும் வாயும் வேறு அளவு. இதையே இறக்கிச் சரிசெய்வோம், இறக்கும் கூலியை மிச்சப்படுத்துவோம் என்று அப்பா முடிவெடுத்தார். மச்சான் கேஸ் நெருப்பில் ஓட்டையை வெல்டிங் போலப் பற்றவைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். தைப்பூசம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக ஊரிலிருந்து உறவினர்கள் வருவார்கள், வேன் தயாராக இருக்கவேண்டும் என்ற அவசரம் வீட்டில் இருந்தது.

டாங்கியை இறக்கும் முடிவில் எனக்குக் குறை இல்லை. தரையில் படுத்து, ஜாக்கியும் ஸ்பேனரும் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொடங்கினார்கள் என்பதில்தான் சிக்கல் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை

அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல், போர்ச்சிலேயே எண்ணெய் வடிக்க ஆரம்பித்தார்கள். டாங்கியில் பாதிக்குக் குறைவாக இருந்தது. மகன் ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சப் போனார். அப்பா தடுத்துவிட்டுக் கைப்பம்ப் ஒன்றை வாங்கிவந்தார். தடுத்தது பெரிய காரியம். வாய்க்குள் போகும் பெட்ரோல் வயிற்றில் தங்குவதோடு நிற்காது. புரையேறி நுரையீரலுக்குள் கொஞ்சம் போனால் போதும், நிமோனியா வந்துவிடும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வெளியே வரும்போதுதான் மறுபடி நுரையீரலுக்குள் இறங்கும்.

வடித்தது திறந்த பிளாஸ்டிக் வாளியில். முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியிருந்தார்கள். அதனால் வண்டியில் மின்சாரம் இல்லை என்று நினைத்தார்கள். ஆனால் கட்டிலுக்கடியில் இரண்டாவது பேட்டரி உயிரோடு இருந்தது. பாதி வாளி நிறைந்திருக்கும்போது குளிர்பெட்டி தானாக 'கிர்' என்று ஓட ஆரம்பித்தது. டாங்கிக்கும் அதற்கும் நடுவே இருந்தது தரைத்தகடும் பலகையும் மட்டும்.

அதே நேரத்தில் உள்ளே, வீட்டுக்கார அம்மா வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட்டு எண்ணெய் ஊற்றி முடித்திருந்தார். சாமி மாடம் ஹாலின் பின்சுவரில், தரையோடு ஒட்டிய தாழ்ந்த பலகையில் இருக்கிறது. தீப்பெட்டியை எடுக்கக் குனிந்தார். நிற்கும்போது தெரியாத வாசம் குனிந்ததும் மூக்கில் ஏறியது. தீக்குச்சியை உரசவில்லை. மின்விசிறி, விளக்கு எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தார், எரியவில்லை. பின்கதவை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்து, "என்னங்க, அந்த வாளிய மூடி மொதல்ல ரோட்டுக்குக் கொண்டு போங்க. வீடு பூரா பெட்ரோலு" என்றார்.

அவர் எங்கும் படித்து இதைச் செய்யவில்லை. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான். அதை இங்கே தெளிவாகப் பதிய விரும்புகிறேன்.

நடந்தது இதுதான். பெட்ரோல், பூச்சியத்துக்கும் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. பினாங்கில் மாலை வெப்பம் எப்படியும் 28 டிகிரிக்கு மேல். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், அதனால் மேலே எழும்பாமல் தரையோடு பரவும். போர்ச்சிலிருந்து வாசல்படி தாண்டி ஹாலுக்கும், மறுபக்கம் லொங்காங்குக்குள்ளும் இறங்கியிருக்கிறது. லொங்காங் வழியாகப் போனால் பக்கத்து வீடு. அங்கே கேட் தூணில் சீனக் குடும்பத்தின் சிவப்பு மாடம் இருக்கிறது. மாலையில் ஊதுபத்தி ஏற்ற நெருப்பு வைப்பார்கள். இரண்டு சமயத்தாருக்கும் விளக்கேற்றும் வேளையும் இவர்கள் எண்ணெய் வடித்த வேளையும் ஒன்றாக அமைந்துவிட்டன.

வாளியை மூடி, இரண்டாவது பேட்டரியின் ஃபியூஸை உடனே பிடுங்க நினைத்த மகனை அப்பா தடுத்தார். ஆவி இருக்கும் இடத்தில் ஒயரைக் கழற்றினால் அங்கேயே பொறி வரலாம். வண்டியை நால்வருமாகத் தள்ளிக்கொண்டு தெருமுனைத் திடலின் ஓரத்தில் நிறுத்தினார்கள். கதவுகளைத் திறந்துபோட்டு, வாசம் அடங்கக் காத்திருந்து, அதன் பிறகே இணைப்புகளைப் பிரித்தார்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில், காற்றோட்டத்தில், இரும்புத் தகரடப்பாவில் மீதியை வடித்தார்கள்.

இறக்கிய பிறகு கண்டது

பட்டையின் போல்ட்டுகள் உப்புத்துருவில் இறுகிப்போயிருந்தன. மச்சான் கிரைண்டரை எடுத்தார். வேண்டாம் என்று எல்லாருமே சொல்லிவிட்டார்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி விட்டு, நீளக் கைப்பிடி ஸ்பேனரால் கழற்றினார்கள். ஒரு போல்ட் முறிந்தது. அது நல்லதே, மாற்றவேண்டியதுதான். டாங்கிக்கடியில் பலகை வைத்து, ஜாக்கியில் ஏந்தி இறக்கினார்கள். மிச்சம் பத்து லிட்டர் இருந்தாலும் ஏழு கிலோவுக்கு மேல் வரும். அந்த எடை ஒரே இடத்தில் நிற்காமல் உள்ளே அலையும், அதனால் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் எனக்கு அழைப்பு வந்தது, முறிந்த போல்ட்டை எடுக்கும் கருவி கேட்டு. போய்ப் பார்த்தேன்.

டாங்கியின் அடியில், பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே பழைய கம்பளித் துணி ஒன்று வைத்திருந்தார்கள். முன்பு யாரோ வைத்தது. அது வருடக்கணக்கில் உப்புத்தண்ணீரை உறிஞ்சிப் பிடித்திருக்கிறது. துணி இருந்த அகலத்துக்கு அப்படியே துருக்கோடு. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல தகடு 'ணங்' என்கிறது. அந்தக் கோட்டில் சத்தம் செத்துப்போகிறது. கூர்முனையை வைத்து லேசாக அழுத்தியதும் இரண்டு இடத்தில் உள்ளே போய்விட்டது. உள்ளிருந்தும் துரு தின்றிருக்கிறது. டாங்கிக்குள் சேரும் தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் எப்போதும் அடியிலேயே தங்கும்.

ஆனால் கட்டிலில் வந்த வாசத்துக்கு இது காரணம் ஆகாது. டாங்கியைத் திருப்பி மேல்பக்கத்தைத் துடைத்தேன். துரு இல்லாத, பளிச்சென்ற, விரல் நீளக் கீறல் ஒன்று. அதன் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. வண்டிக்கடியில் போய் அதே இடத்தில் தரைத்தகட்டைப் பார்த்தால், ஒரு திருகின் கூர்நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டில் சட்டத்தைத் தரையோடு இறுக்கப் போட்ட தகடு துளைக்கும் திருகு. ஓரிரு சென்டிமீட்டர் கூடுதல் நீளம். வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கக் குலுங்க அந்த நுனி டாங்கியின் தலையை உரசி உரசித் துளைத்திருக்கிறது.

ஆக, ஒழுகல் இரண்டு. அடியில் உப்புத்தண்ணீர் செய்தது, மேலே திருகு செய்தது. அடியை எத்தனை முறை அடைத்திருந்தாலும் படுக்கையில் வாசம் வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

மீட்டர் சொன்னது

நான் போனபோது டாங்கி இரண்டு நாளாகத் திடலோரத்தில் கவிழ்ந்து கிடந்தது. மச்சான் கேஸ் சிலிண்டரைக் கொண்டுவரும் ஏற்பாட்டில் இருந்தார். "அண்ணே, சுத்தமா காஞ்சிடுச்சு. வெயில்ல போட்டு ரெண்டு நாளாச்சு. மோந்து பாருங்க, வாசமே இல்ல" என்றார்.

எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே மனம் பதறும். இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இப்படிப்பட்ட டாங்கி வெடித்த கதை ஒன்று சொல்வார்கள். முழுக்க எண்ணெய் இருக்கும் டாங்கியைவிடக் காலி டாங்கிதான் மோசம். காரணம் எளிய கணக்கு. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் பற்றி வெடிக்கும். எண்ணெய் நிறைந்த டாங்கிக்குள் ஆவி இந்த எல்லையைத் தாண்டிவிடும், காற்று போதாது. வடித்த டாங்கியில் காற்று தாராளம். 45 லிட்டர் டாங்கி என்று வைத்துக்கொண்டால், கீழ் எல்லையைத் தொட முக்கால் லிட்டருக்கும் குறைவான ஆவி போதும். அந்த ஆவியைக் கொடுக்க ஏறத்தாழ 4 மில்லி பெட்ரோல் போதும். ஒரு தேக்கரண்டி கூட வேண்டாம். அந்த நாலு மில்லி மடிப்புத் தையலிலும் துருப் படிவிலும் ஒளிந்திருக்கும். பற்றவைக்கச் சூடு காட்டும்போதுதான் அது வெளியே வரும்.

வாதம் செய்து பயனில்லை என்று எனக்குத் தெரியும். நெருப்போடு வேலை செய்து பழகியவரிடம் கணக்குச் சொன்னால் எடுபடாது. அப்பா தன் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் சொல்லி, எரிவாயு அளக்கும் மீட்டர் ஒன்றை அனுமதியோடு வாங்கிவந்தார். கீழ் வெடி எல்லையின் 10 விழுக்காட்டைத் தொட்டாலே மணி அடிக்கும்படி வைத்திருந்த கருவி அது.

காலையில் மரநிழலில் இருந்த டாங்கியின் வாயில் குழாயை விட்டோம். எண் கிட்டத்தட்ட பூச்சியம். மச்சான் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டாங்கியை வெயிலில் எடுத்து வைத்து, நண்பகல் வரை விட்டோம். தகடு கைவைக்க முடியாத சூடு. இரண்டு பேர் பிடித்து நாலு முறை ஆட்டினோம். உள்ளே துருத்தூள் சரசரவென்று நகர்ந்தது. மறுபடி குழாயை அடிவரை இறக்கியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. மச்சான் குனிந்து மோந்து பார்த்தார். அவருக்கு அப்போதும் வாசம் தெரியவில்லை. இரண்டு நாளாக அதன் பக்கத்திலேயே இருந்த மூக்கு பழகி மரத்துவிட்டது.

சிலிண்டரை வரச் சொன்ன இடத்துக்கு அவரே போன் போட்டு வேண்டாம் என்றார்.

எந்த வேலை யாருக்கு

அன்று மாலை உட்கார்ந்து பேசினோம். முன்னால் இருந்த வழிகள் மூன்று. மீண்டும் எபாக்ஸி: கழன்று விழுந்த வில்லையே பதில் சொல்லிவிட்டது. உட்புறம் பூசும் டாங்கிக் கோட்டிங் மட்டும் போடுவது: ஊசித்துளைகளை அது அடைக்கும், ஸ்க்ரூடிரைவர் நுழையும் ஓட்டையை அடைக்காது, சுற்றிலும் தகடு மெலிந்த இடத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. மூன்றாவது, நெருப்பு தொடவேண்டிய பகுதியை அதற்கென்று வசதி உள்ள ரேடியேட்டர் கடையில் கொடுத்து, மற்றதை வீட்டில் செய்வது.

மூன்றாவதைத் தேர்ந்தார்கள். வரிசை மாறக்கூடாது என்பதை மட்டும் வலியுறுத்தினேன். முதலில் பற்றவைப்பு, பிறகு கோட்டிங். கோட்டிங் போட்ட டாங்கியை மறுபடி நெருப்பில் காட்டினால் கோட்டிங் கருகிப் புகையும், பிடிப்பும் போய்விடும்.

தைப்பூசத்துக்கு வேன் ஓடாது என்பதும் அன்றே முடிவானது. அந்த அம்மாதான் சொன்னார்: "மலைக்கு மாமா காருல போய்க்கலாம். இத அவசரப்படுத்தாதீங்க." அதோடு அவசரம் தீர்ந்தது.

புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் ரேடியேட்டர் கடை ஒன்று. டாங்கியின் எல்லா வாய்களையும் அடைத்து, திறந்த பிக்கப்பில் ஏற்றி, பெட்ரோல் டாங்கி என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். மூடிய வண்டிக்குள் வைத்து எடுத்துப்போகவில்லை. கடைக்காரர் காரம் கலந்த சூடான தொட்டியில் ஊறப்போட்டு, நீராவி அடித்து, தானும் மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு ஓட்டை மேல்பக்கம் வரும்படி சாய்த்து, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மெலிந்த பகுதியை வெட்டாமல் அதன்மேல் அகலமான தகட்டை வைத்துப் பித்தளையால் பற்றவைத்தார். திரும்பப் புரட்டி, மேல் ஓட்டைக்கும் அதே முறை. உள்ளே ஆவிக்கு அதிக இடம் இல்லாமல் தண்ணீர் நின்றதுதான் இதில் கவனிக்கவேண்டியது. மச்சான் கூடவே இருந்து பார்த்தார். பழைய டாங்கிகளின் உள்பூச்சில் ஈயம் இருக்கும், அதைத் தேய்க்கும்போதும் சுடும்போதும் முகமூடி வேண்டும் என்பதும் அவருக்கு அங்கேதான் தெரியவந்தது.

வீட்டில் செய்த வேலை

ஒழுகல் சோதனைக்குக் கம்ப்ரஸர் வேண்டாம் என்றேன். டாங்கி அழுத்தம் தாங்கச் செய்த கலம் அல்ல. 60-க்கு 40 சென்டிமீட்டர் அடித்தகட்டில் 0.1 பார் அழுத்தம் வைத்தாலே 240 கிலோ பாரம் ஏறும். சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். பற்றவைத்த ஓரங்களில் குமிழி இல்லை.

அடுத்தது உட்புறம். சோப்புத் தண்ணீரோடு ஒரு கைப்பிடி நட்டுகளையும் ஒரு துண்டுச் சங்கிலியையும் போட்டு, அப்பாவும் மகனும் மாறி மாறிக் குலுக்கினார்கள். காப்பித்தூள் நிறத் தண்ணீர் தெளியும்வரை. பிறகு பாஸ்பாரிக் அமிலக் கரைசல். அதைக் கழுவிக் கொட்டிய சில நிமிடத்தில், பளபளத்த தகட்டில் ஆரஞ்சு நிறம் ஏற ஆரம்பித்தது. நம்மூர் ஈரக்காற்றில் இது நடந்தே தீரும். மறுபடி அமிலம், மறுபடி கழுவல். இந்த முறை தண்ணீர் வடிந்த கணத்திலேயே காற்றூதியைக் குழாய் வழியாக உள்ளே விட்டு, சூடேறிய தார்ச்சாலை ஓரத்தில் வைத்து உலர்த்தினார்கள். சீக்கிரம் காய ஸ்பிரிட் ஊற்றி அலசலாமா என்று மகன் கேட்டார். கூடாது, இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய எரியும் ஆவியை மறுபடி உள்ளே விடுவதாகும். வருடக் கடைசி மழை ஓய்ந்து வெயில் நின்ற மாதமாக இருந்தது உதவியது. செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

காற்றுக் குழாய்களையும் திரும்பு குழாயையும் கிரீஸ் வைத்து அடைத்தபின் கோட்டிங்கை ஊற்றி, டாங்கியை எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்தார்கள். ஒரு மூலையில் தேங்க விட்டால் அது தோலாகக் காய்ந்து பிற்பாடு உரியும். டப்பாவில் போட்டிருந்த நாள் கணக்கு முழுவதும் காத்திருந்தார்கள்.

மாட்டும்போது கம்பளித்துணி போய், தண்ணீர் குடிக்காத ரப்பர்ப் பட்டை வந்தது. எல்லா ஹோஸும் கிளிப்பும் புதிது. கட்டில் சட்டத்தின் திருகுகளை எல்லாம் கழற்றி அளந்தார்கள். டாங்கிக்கு மேலே வந்தவை நான்கு. அவற்றை எடுத்துவிட்டு, சட்டத்தை வேறு இடத்தில் போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கினார்கள்.

வடித்த எண்ணெயில் தெளிந்ததைப் புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அடிவண்டலையும் கழுவிய தண்ணீரையும் லொங்காங்கில் கொட்டவில்லை. அமிலத்தைச் சோடா மாவு போட்டுத் தணித்து, எல்லாவற்றையும் டப்பாக்களில் அடைத்து என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். கழிவு எடுக்கும் குத்தகைக்காரரிடம் போயிற்று.

பிறகு நடந்தது

முதலில் ஐந்து லிட்டர் போட்டு, இரு பக்கமும் சரிவில் நிறுத்தி, இணைப்புகளில் டிஷ்யூ சுற்றிப் பார்த்தார்கள். பிறகு முழுக்க நிரப்பி, கதவுகளைச் சாத்தி ஒரு ராத்திரி விட்டார்கள். காலையில் வாசம் இல்லை. மூக்கு பழகாத ஒருவர் சொல்லவேண்டும் என்பதால் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார்கள்.

எண்ணெய் காட்டும் முள் அசையவில்லை. சென்டர் யூனிட் டாங்கியின் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. புதுக் கோட்டிங்கும் பெயின்ட்டும் அதை மறித்துவிட்டன. தனியாக எர்த் ஒயர் இழுத்ததும் சரியானது. முதல் வாரங்களில் எஞ்சின் ஏற்றத்தில் திணறியது. குழாய்களில் மிச்சமிருந்த துருத்தூள் ஃபில்டரில் சேர்ந்திருந்தது; உள்ளே தெரியும் ஃபில்டராகப் போட்டிருந்ததால் உடனே கண்டு மாற்றினார்கள்.

இனி வேறுமாதிரிச் செய்யவேண்டியவை

ரேடியேட்டர் கடையில் விசாரிப்பதை எண்ணெய் வடிப்பதற்கு முன்பே செய்திருக்கலாம். நெருப்பு வேலையை யார் செய்வார் என்று தெரியாமல் டாங்கியை இறக்கினால், இறக்கிய டாங்கி வீட்டில் கிடக்கும். கிடக்கக் கிடக்க அவசரம் வரும்.

வடிப்பது காலையில், வெட்டவெளியில், வீட்டிலிருந்தும் லொங்காங்கிலிருந்தும் தள்ளி. பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு. பிளாஸ்டிக் வாளி கூடாது. தூள் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும், தண்ணீர் வாளி உதவாது. மீறிப்போனால் 999 அழைத்துவிட்டு விலகி ஓடுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

கேம்பர் வைத்திருப்பவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். முன் பேட்டரியைக் கழற்றினால் பாதி வேலைதான் முடிந்தது. சோலார் இணைப்பை முதலில் பிரித்து, பிறகு இரண்டாவது பேட்டரியைப் பிரிக்கவேண்டும். கேஸ் சிலிண்டரை வண்டியைவிட்டே இறக்கவேண்டும். எல்லாம் டாங்கியின் மூடியைத் திறக்கும் முன்பே. இந்த வீட்டார் இப்போது இரண்டாவது பேட்டரிக்குப் பெரிய சுவிட்ச் ஒன்று போட்டிருக்கிறார்கள். கட்டில் பலகையில் டாங்கியின் எல்லையை மகன் மார்க்கரில் வரைந்து, அந்தக் கோட்டுக்குள் திருகு போடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்.

டாங்கியின் பற்றவைக்காத மற்றப் பகுதிகளும் வயதான தகடுதான். ஆண்டுக்கு ஒரு முறை பட்டையை இறக்கித் தட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல டாங்கி வந்தால் எடுத்து வைக்கும்படி ஹாஃப் கட் கடைக்காரரிடமும் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறார் அப்பா.